வீல்சேரோடு வெளிநாட்டு விமானப் பயணம்: டிக்கெட் எடுப்பதற்கு முன்பிருந்து திரும்பி வரும் வரை

டிக்கெட் எடுப்பதற்கு முன் இஞ்ச் டேப்பையும் எடை மெஷினையும் எடுங்கள். ஏர்லைன் உங்களிடம் கேட்கப்போவது, ஹோட்டல்காரரிடம் நீங்கள் கேட்கப்போவது, டாக்சிக்காரரிடம் சொல்லப்போவது எல்லாமே எண்கள்தான். "கொஞ்சம் பெரிய வீல்சேர்" என்று போனில் சொன்னால் அதை எந்த கம்ப்யூட்டரிலும் பதிவு செய்ய முடியாது. பதிவாகாத தகவல் விமானத்தின் அடியில் நிற்கும் லோடரைப் போய்ச் சேராது. முதல் பயணத்தில் நேரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கேதான் ஆரம்பிக்கின்றன.

ஒரு தாளில் இவற்றை எழுதுங்கள்: கையால் தள்ளும் வெளி வளையம் வரை சேர்த்த மொத்த அகலம், ஃபுட்ரெஸ்டோடு நீளம், முதுகுச் சாய்வை மடக்கிய பிறகு உயரம், பேட்டரியோடு சேர்த்து எடை, தரையிலிருந்து குஷன் மேற்பரப்பு வரை உயரம். மடக்கிய உயரம் ஏன் முக்கியமென்றால், போயிங் 737 விமானத்தின் சரக்குக் கதவு ஏறக்குறைய 85 செ.மீ உயரம்தான். ஏர்பஸ் ஏ320 ரகத்தில் சுமார் 120 செ.மீ. உங்கள் பவர் வீல்சேர் மடக்கியும் 95 செ.மீ நின்றால், 737-இல் அது நேராக உள்ளே போகாது. பக்கவாட்டில் சாய்த்துத் தள்ளுவார்கள். அப்போது முதலில் முறிவது ஜாய்ஸ்டிக் இருக்கும் கை. அதனால் டிக்கெட் எடுக்கும்போதே அந்தத் தடத்தில் எந்த விமானம் பறக்கிறது என்று பார்த்து எடுங்கள். இரண்டு விமானங்கள் மாற வேண்டியிருந்தால், இரண்டாவது சிறிய விமானமா என்று முதலில் பாருங்கள். சிக்கல் பெரும்பாலும் அதில்தான் வரும்.

பேட்டரிக் கணக்கு

செக்-இன் கவுண்டரில் அதிகம் பேரை நிறுத்துவது பேட்டரிதான். கையால் தள்ளும் நாற்காலி வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம்.

ஜெல், ஏ.ஜி.எம் என்று எழுதியிருக்கும் சிந்தாத லெட்-ஆசிட் பேட்டரி என்றால் அது நாற்காலியிலேயே இருக்கலாம். உறுதியாகப் பொருத்தியிருக்க வேண்டும், முனைகள் மூடியிருக்க வேண்டும். லித்தியம் பேட்டரிக்கு ஒரு பெருக்கல் போட வேண்டும்: வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும். 24 வோல்ட், 12 ஆம்பியர்-மணி என்றால் 288. கழற்றி எடுக்கும்படி செய்த மடக்கு நாற்காலிகளில், பேட்டரியைக் கழற்றிக் கையோடு கேபினுக்குள் கொண்டுபோக வேண்டும். அது 300 வாட்-மணிக்குள் இருக்க வேண்டும். இரண்டு பேட்டரி உள்ள நாற்காலியானால் ஒவ்வொன்றும் 160-க்குள். இப்போது சந்தையில் "அதிக தூரம் ஓடும்" என்று சொல்லி 24 வோல்ட், 20 ஆம்பியர்-மணி பேட்டரி விற்கிறார்கள். அது 480 வாட்-மணி. கழற்றும் வகையாக இருந்தால் விமானத்தில் ஏறாது. வெளிநாடு போகும் எண்ணம் இருப்பவர்கள் நாற்காலி வாங்கும் நாளிலேயே இதைப் பார்த்து வாங்க வேண்டும். நாற்காலியின் உடலுக்குள்ளேயே பாதுகாப்பான கூட்டில் பொருத்தப்பட்ட லித்தியம் பேட்டரி கழற்றாமலே போகலாம். அதற்கு இந்த 300 வரம்பு கிடையாது.

பேட்டரியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் வோல்ட்டும் ஆம்பியர்-மணியும் படிக்கும்படி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். விரல் பட்டுப் பட்டு அழிந்து போயிருக்கும். அழிந்திருந்தால், விற்ற கடையிடமிருந்து மாடல் எண், பேட்டரி வகை, வாட்-மணி மூன்றும் எழுதிய லெட்டர்ஹெட் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கவுண்டரில் இருப்பவர் உங்கள் வாய்மொழியை வைத்து முடிவெடுக்க மாட்டார். எடுக்கவும் கூடாது.

சார்ஜரின் பின்புறம் "இன்புட்" என்ற வரியைப் பாருங்கள். 100–240 வோல்ட் என்று இருந்தால் பிளக் மாற்றும் அடாப்டர் போதும். 220–240 மட்டும் என்றால் அமெரிக்காவின் 120 வோல்ட்டில் அது சார்ஜ் ஏற்றாது. சிங்கப்பூரிலும் இங்கிலாந்திலும் மின்னழுத்தம் நம் ஊர் போலத்தான். ஆனால் பிளக் செவ்வக முனைகள் மூன்று கொண்டது.

எந்த உதவி என்று சரியாகச் சொல்லுங்கள்

"வீல்சேர் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், ஏர்லைன் பெரும்பாலும் டபிள்யூ.சி.எச்.ஆர் என்ற குறியீட்டைப் போட்டுவிடும். அதன் பொருள்: இவரால் படியேற முடியும், நீண்ட தூரம் நடக்க முடியாது. படியேற முடியாது, ஆனால் விமானத்துக்குள் நாலைந்து அடி நடந்து சீட்டில் உட்கார முடியும் என்றால் டபிள்யூ.சி.எச்.எஸ். ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது, சீட் வரை தூக்கி வைக்க வேண்டும் என்றால் டபிள்யூ.சி.எச்.சி. கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அந்த எழுத்து தவறினால் என்ன ஆகும்? விமானக் கதவை நிலையக் கட்டடத்தோடு இணைக்கும் ஏரோபிரிட்ஜ் இல்லாத தொலைவிடத்தில் விமானம் நின்றால் உங்களை பஸ்ஸில் கூட்டிப்போய்ப் படிக்கட்டுக்கு முன்னால் நிறுத்துவார்கள். ஹைட்ராலிக்கில் உயர்ந்து விமானக் கதவைத் தொடும் ஆம்புலிஃப்ட் வண்டி அதன் பிறகுதான் தேடப்படும். மூட்டுவலி உள்ள வயதான பெற்றோருக்கு டிக்கெட் போடும் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் அதிகம் தவறுகிறார்கள். அம்மாவால் படி ஏற முடியாதென்றால் 'ஆர்' போதாது, 'எஸ்' வேண்டும்.

உங்கள் சொந்த நாற்காலிக்கும் தனிக் குறியீடு உண்டு. கையால் தள்ளுவது டபிள்யூ.சி.எம்.பி (WCMP), சிந்தாத பேட்டரி டபிள்யூ.சி.பி.டி (WCBD), லித்தியம் டபிள்யூ.சி.எல்.பி (WCLB). ஆளுக்கு ஒன்று, நாற்காலிக்கு ஒன்று என இரண்டும் பதிவாக வேண்டும். பயணத்துக்கு 48 மணி நேரம் முன்பாகச் சொல்ல வேண்டும் என்பது இந்திய விதியிலும் ஐரோப்பிய விதியிலும் உள்ளது. டிக்கெட் எடுத்த அன்றே சொல்லிவிடுவது நல்லது. 48 மணி நேரம் இருக்கும்போது மறுபடி கூப்பிட்டுச் சரிபாருங்கள். பேசும் ஊழியரிடம் "எஸ்.எஸ்.ஆர் நிலை எச்.கே என்று வந்துவிட்டதா?" என்று கேளுங்கள். எஸ்.எஸ்.ஆர் என்பது உங்கள் சிறப்பு உதவிக் கோரிக்கை. எச்.கே என்றால் உறுதியானது. வேறு எழுத்து இருந்தால் கோரிக்கை இன்னும் காத்திருக்கிறது என்று பொருள். உறுதியானதை ஈமெயிலில் அனுப்பச் சொல்லி, பிரிண்ட் எடுத்து வையுங்கள். ஒரு ஏர்லைனில் டிக்கெட் எடுத்து இன்னொரு ஏர்லைன் விமானத்தில் பறப்பதாக இருந்தால், பறக்கும் ஏர்லைனையும் தனியாகக் கூப்பிடுங்கள். இரண்டு கம்ப்யூட்டர்களுக்கும் நடுவில் இந்தத் தகவல் காணாமல் போவது வழக்கம்.

விமானம் மாறும் இடத்தில் மூன்று மணி நேரமாவது இடைவெளி வையுங்கள். நீங்கள் கடைசியாக இறங்குவீர்கள், அடுத்த விமானத்தில் முதலில் ஏற வேண்டும். டிக்கெட்டில் தெரியும் ஒன்றரை மணி நேரம் உங்களுக்கு நாற்பது நிமிடம்கூட ஆகாது.

சீட் எங்கே?

பலரும் காலை நீட்ட வசதி என்று முதல் வரிசையைக் கேட்பார்கள். தூக்கி வைக்க வேண்டியவர்களுக்கு அது தவறான இடம். முதல் வரிசையில் சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அதனால் அந்தக் கைப்பிடி மேலே எழும்பாது. கைப்பிடியைத் தாண்டி உங்களைத் தூக்க வேண்டிவரும். நடைபாதை ஓரத்தில் கைப்பிடி உயரும் சீட்டைக் கேளுங்கள். அந்தக் கைப்பிடி சும்மா இழுத்தால் எழும்பாது. கைப்பிடியின் அடிப்புறத்தில், சீட்டோடு சேரும் கீல் பக்கம் விரலால் தடவினால் ஒரு சின்னப் பள்ளமோ பட்டனோ தட்டுப்படும். அதை அழுத்திக்கொண்டே தூக்க வேண்டும். பல ஊழியர்களுக்கே இது தெரியாது. சில ஏர்லைன்கள் நடக்கவே முடியாதவர்களுக்கு ஜன்னலோர சீட்தான் தரும். அவசரத்தில் மற்றவர்கள் வெளியேறும் வழி மறிக்கக்கூடாது என்பது காரணம். அப்படியானால் மூன்று சீட்டையும் கடந்து தூக்க இரண்டு பேர் வேண்டும் என்று முன்பே சொல்லுங்கள். சீட் பெல்ட்டைத் தானாகப் போட முடியாதவர்களிடம் துணை ஒருவர் வர வேண்டும் என்று ஏர்லைன் கேட்கலாம். அதையும் டிக்கெட்டுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

நாற்காலியைத் தயார்செய்தல்

கழன்று வரக்கூடிய எதையும் சரக்கறைக்கு அனுப்பாதீர்கள். குஷன், ஃபுட்ரெஸ்ட், பக்கத் தகடுகள், ஹெட்ரெஸ்ட், ஜாய்ஸ்டிக் எல்லாவற்றையும் கழற்றி ஒரு துணிப்பையில் போட்டு உங்களோடு மேலே கொண்டு போங்கள். ஜாய்ஸ்டிக் கழற்ற முடியாத வகையானால், கையை உள்பக்கம் மடக்கி, பபிள் ராப் மூன்று சுற்றுச் சுற்றி, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து டேப் ஒட்டுங்கள். வெறும் பபிள் ராப் தாங்காது, ஏனென்றால் லோடர்கள் கைக்கு அகப்படுவதைப் பிடித்துத்தான் தூக்குவார்கள்.

பவர் வீல்சேரின் இரண்டு மோட்டார்களுக்கும் அருகில் கிளட்ச் நெம்புகோல்கள் இருக்கும். அவை 'டிரைவ்' நிலையில் இருந்தால் நாற்காலி தள்ளினால் நகராது. நகராத நாற்காலியை இழுப்பார்கள், கியர் போய்விடும். ஆகவே நெம்புகோலில் சிவப்பு ரிப்பன் கட்டுங்கள். ஒரு ஏ4 தாளில் பெரிய எழுத்தில் ஆங்கிலத்திலும் போகும் ஊரின் மொழியிலும் எழுதுங்கள்: எடை எத்தனை கிலோ, எந்த வகை பேட்டரி, தள்ள வேண்டுமானால் சிவப்பு ரிப்பன் உள்ள நெம்புகோலை எந்தப் பக்கம் திருப்புவது, எங்கே பிடித்துத் தூக்கலாம், எங்கே பிடிக்கக்கூடாது. நாற்காலியின் போட்டோ ஒன்றையும் ஒட்டி அம்புக்குறி போட்டால் மொழியே தேவையில்லை. லேமினேட் செய்து, சீட்டின் மேலேயே ஜிப் டை போட்டுக் கட்டுங்கள். பையில் வைத்த தாளை யாரும் பார்க்க மாட்டார்கள்.

"டயரில் காற்றை இறக்குங்கள்" என்று யாராவது சொன்னால் பணிவாக மறுத்துவிடுங்கள். பயணிகள் விமானத்தின் சரக்கறையிலும் கேபின் அளவு காற்றழுத்தம் உண்டு. மேலே போனால் ஏறும் வித்தியாசம் 4 பி.எஸ்.ஐ போலத்தான், 60-க்கு மேல் தாங்கும் டயருக்கு அது ஒன்றுமில்லை. இறக்கிவிட்டால் போய் இறங்கும் ஊரில் பம்ப்புக்கு அலைய வேண்டும்.

ஆல்லன் கீ, ஸ்பேனர், ஒரு ஸ்பேர் டியூப் ஆகியவற்றை செக்-இன் பெட்டியில் வையுங்கள். கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் பறிபோகும். மாத்திரைகளுக்கு நேர் எதிர் விதி: எல்லாம் கைப்பையில், அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு. பேக்லோஃபென் எடுப்பவர்கள் இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள். அது திடீரென நின்றால் வலிப்பு வரை போகக்கூடும். பிரிகாபலின், டிரமடால் போன்றவை ஐக்கிய அரபு எமிரேட்சில் கட்டுப்பாடு உள்ள மருந்துகள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. சிங்கப்பூரிலும் டயஸிபாம், கோடீன் கலந்தவற்றுக்கு அனுமதி தேவைப்படலாம். போகும் நாட்டின் மருந்துத் துறை இணையதளத்தில் ஒவ்வொரு மாத்திரையின் மூலப்பெயரையும் தேடிப் பாருங்கள்.

விமான நிலையத்தில்

நான்கு மணி நேரம் முன்னதாகப் போங்கள். கவுண்டரில், "உங்கள் நாற்காலியை இங்கேயே போட்டுவிடுங்கள், எங்கள் நாற்காலியில் உட்காருங்கள்" என்பார்கள். கொஞ்சம் நடக்கக்கூடியவர்களுக்கு அது சரிதான். உணர்ச்சி இல்லாத உடல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். விமான நிலைய நாற்காலியில் குஷன் இருக்காது, மூன்று மணி நேரத்தில் தோல் சிவந்துவிடும். "விமானக் கதவு வரை என் நாற்காலி, இறங்கும்போதும் கதவிலேயே வேண்டும்" என்று கேட்டு, அதற்கான டேக்கைக் கட்டச் சொல்லுங்கள். டேக்கில் எழுதியிருப்பதை நீங்களே படியுங்கள். வெறும் பெட்டி டேக் என்றால் நாற்காலி பெல்ட்டில் பெட்டிகளோடுதான் வரும்.

பாதுகாப்புச் சோதனையில் எழுந்து நிற்க முடியாதென்று சொன்னால் உட்கார்ந்த நிலையிலேயே கையால் சோதிப்பார்கள், நாற்காலியைத் துணியால் துடைத்து வெடிபொருள் மெஷினில் பார்ப்பார்கள். சிறுநீர்ப் பை, முதுகைத் தாங்கும் பெல்ட் போன்றவை இருந்தால் தனியறை கேளுங்கள்.

நாற்காலி கைமாறும் அந்த விமானக் கதவில், நான்கு பக்கமும் போட்டோ எடுங்கள். நேரம் தெரியும்படி ஒரு சிறு வீடியோவும் எடுங்கள், அதில் நாற்காலி ஓடுவது தெரிய வேண்டும்.

சீட்டுக்கு மாறுதல்

விமான நடைபாதைக்குள் போவது ஐல் சேர் என்ற ஒடுங்கிய நாற்காலியில்தான். அதன் அகலம் ஒரு முழத்துக்கும் குறைவு. நெஞ்சுக்கும் தொடைக்கும் கணுக்காலுக்கும் பெல்ட் இருக்கும். மூன்றையும் போடச் சொல்லுங்கள். கைகளை மடியில் கோத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் முழங்கை ஒவ்வொரு சீட்டிலும் இடிக்கும்.

தூக்குகிறவர்கள் வந்தவுடன் கையைப் பிடித்து இழுக்க விடாதீர்கள். பக்கவாதம் வந்த தோள் அப்படி இழுத்தால் மூட்டு விலகிவிடும். முறை இது: ஒருவர் உங்களுக்குப் பின்னால் நின்று, இரு அக்குள் வழியாகக் கைகளை விட்டு, நீங்கள் நெஞ்சில் குறுக்கே மடக்கிய முன்கைகளைப் பிடிக்க வேண்டும். மற்றவர் முன்னால் நின்று முழங்காலுக்குக் கீழே இரு கைகளையும் கொடுக்க வேண்டும். எண்ணுவது நீங்கள். "மூன்று சொல்லும்போது தூக்குங்கள்" என்று சொல்லி, அவர்கள் இருவரும் தலையாட்டிய பிறகு ஒன்று, இரண்டு என்று ஆரம்பியுங்கள். பேன்ட்டைப் பிடித்துத் தூக்கினால் துணி இடுக்கில் மடிந்து புண் வரும். அதனால் கைப்பிடிகள் தைத்த தூக்குத் துணி ஒன்றின் மேல் வீட்டிலிருந்தே உட்கார்ந்து வருவது நல்ல முறை.

உங்கள் குஷனையே விமான சீட்டிலும் போடுங்கள். காற்றுக் குஷன் என்றால் கவனம் வேண்டும். கேபினுக்குள் காற்றழுத்தம் 2,000 மீட்டர் உயர மலை மேல் இருப்பதுபோல் குறையும். குஷனுக்குள் உள்ள காற்று கால் பங்குக்கும் மேல் விரியும். குஷன் கல்லாக இறுகி, உங்களை அதன் உச்சியில் உட்கார வைத்துவிடும். விமானம் மேலேறி நிலைத்ததும் வால்வைத் திறந்து கொஞ்சம் காற்றை விடுங்கள். அடியில் கையை விட்டால் இடுப்பு எலும்புக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவில் விரல் தடிமன் இடம் இருக்க வேண்டும். இறங்கிய பிறகு மறக்காமல் காற்றை ஏற்றுங்கள். இல்லையென்றால் குஷன் தட்டையாகி எலும்பு நேராகப் பலகையில் உட்காரும். அன்றைக்கு முழுவதும் அது தெரியாமலே சுற்றுவீர்கள். அரைமணிக்கு ஒருமுறை முன்னால் குனிந்து இரண்டு நிமிடம் இருங்கள்.

கழிப்பறை பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பெரும்பாலான ஒற்றை நடைபாதை விமானங்களின் கழிப்பறையில் வீல்சேரோ துணையாளோ நுழைய இடமில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரச் சொச்சம். ஏறுவது, இறங்குவதையும் சேர்த்தால் ஏழு. இதற்காகத் தண்ணீரே குடிக்காமல் இருப்பது பலர் செய்வது. உலர்ந்த கேபினில் அது சிறுநீர்த் தொற்றுக்கும் காலில் ரத்தம் உறைவதற்கும் வழிவிடும். கேதீட்டர் எனும் சிறுநீர்க் குழாய், காலில் கட்டும் பை, டயப்பர் எது உங்களுக்குப் பொருந்தும் என்று மருத்துவரிடம் கேட்டு, வீட்டில் ஏழு மணி நேரம் ஒருமுறை ஒத்திகை பாருங்கள். முதுகுத்தண்டில் ஆறாவது மார்புக் கணுவிலோ அதற்கு மேலோ காயம் உள்ளவர்களுக்குப் பை நிரம்பினாலோ குழாய் மடங்கினாலோ ரத்த அழுத்தம் ஆபத்தாக ஏறக்கூடும். தலைவலியும் முகச்சிவப்பும் வந்தால் முதலில் குழாயைப் பாருங்கள். இரட்டை நடைபாதை கொண்ட பெரிய விமானங்களில் பெரும்பாலும் அகலமான கழிப்பறை ஒன்றும் உள்ளே தள்ளும் சிறு நாற்காலியும் இருக்கும். இருந்தாலும் அதை முன்பே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

போய் இறங்கியபின்

இறங்கியதும் உதவியாளர் வரவில்லையென்றால் யாரைக் கேட்பது என்பது நாட்டுக்கு நாடு வேறு. ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் அந்தப் பொறுப்பு விமான நிலையத்துடையது. அமெரிக்காவில் ஏர்லைனுடையது. உங்கள் நாற்காலி கதவுக்கு வரும் வரை விமானத்தை விட்டு இறங்காமல் காத்திருக்கலாம்.

சிங்கப்பூர் முதல் பயணத்துக்கு நல்ல ஊர். எம்.ஆர்.டி எனும் நகர ரயிலின் நிலையங்கள் எல்லாவற்றிலும் லிஃப்ட் உண்டு, பொதுப் பேருந்துகளில் டிரைவரே இறங்கிச் சாய்தளத்தை விரிப்பார். பேருந்துக்குள் முதுகை முன்பக்கத் தடுப்பில் சாய்த்து, பின்னோக்கி நிற்க வேண்டும். ரயிலில் சில அறிவிப்புகள் தமிழிலும் வரும். தடுக்குவது லிட்டில் இந்தியாவின் பழைய கடைவீதித் திண்ணை நடைபாதைகள்தான். ஒவ்வொரு கடைக்கும் தரை ஒவ்வோர் உயரம், நடுவில் படி. சாலை ஓரமாகப் போய்க் கடை வாசலில் நிறுத்துவது எளிது.

லண்டனில் 272 சுரங்க ரயில் நிலையங்களில் மூன்றில் ஒரு பங்குபோலத்தான் படியில்லாதவை. வரைபடத்தில் நீல வீல்சேர் குறி என்றால் தெருவிலிருந்து ரயில் பெட்டி வரை படியில்லை, வெள்ளைக் குறி என்றால் நடைமேடை வரை மட்டும். எலிசபெத் ரயில்தடத்தில் எல்லா நிலையமும் படியில்லாதவை, அது ஹீத்ரோ வரை வருகிறது. கருப்பு டாக்சிகளில் சாய்தளம் உண்டு. வீல்சேரில் வருபவர்களுக்குப் பேருந்து இலவசம்.

ஹோட்டலில் "வீல்சேர் வசதி உண்டா" என்று கேட்டால் உண்டு என்றே பதில் வரும். கேட்க வேண்டியவை வேறு: குளியலறைக் கதவு எத்தனை செ.மீ? குளிப்பது தரைமட்ட ஷவரா, தொட்டியா? கட்டில் தரையிலிருந்து எத்தனை செ.மீ, உங்கள் குஷன் உயரத்துக்கு ஒப்பானதா? தூக்கும் ஹாயிஸ்ட் பயன்படுத்துவோர் கட்டிலுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி என்றும் கேட்க வேண்டும். போட்டோ அனுப்பச் சொல்லுங்கள். தொட்டிக்கு மேல் கைப்பிடி வைத்ததையே வசதியான அறை என்று கணக்கில் சேர்க்கும் ஊர்கள் நிறைய.

நாற்காலி உடைந்து வந்தால்

விமான நிலையத்தை விட்டு வெளியே வரும் முன்பே ஓட்டிப் பாருங்கள். கீறல் தவிர எது உடைந்திருந்தாலும் ஏர்லைனின் பேக்கேஜ் கவுண்டரில் பி.ஐ.ஆர் எனும் சேதப் படிவத்தை எழுதி எண்ணை வாங்குங்கள். பன்னாட்டுப் பயணங்களுக்கு மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி சேதத்தை ஏழு நாளுக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த உடன்படிக்கையில் இழப்பீட்டு வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் ஒரு பயணிக்கு 1,519 எஸ்.டி.ஆர், அதாவது ஏறத்தாழ 2,000 அமெரிக்க டாலர். நல்ல பவர் வீல்சேருக்கு இது பாதி விலைகூட இல்லை. அதனால் செக்-இன் செய்யும்போதே நாற்காலியின் மதிப்பைக் கூடுதலாக அறிவிக்கும் படிவத்தைக் கேளுங்கள். அந்த உரிமை அதே உடன்படிக்கையில் உண்டு. சில இடங்களில் அதற்குக் கட்டணம் உண்டு. வாங்கிய பில்லின் நகல் கையில் இருக்கட்டும். பயணக் காப்பீட்டிலும் உதவிக் கருவிகளைத் தவிர்த்திருக்கிறார்களா என்று பாலிசியில் அந்த ஒரு வரியைத் தேடிப் படியுங்கள்.

திரும்பும் விமானத்துக்கும் 48 மணி நேரக் கணக்கு தனியாக உண்டு. போகும்போது பதிவானது திரும்பும் டிக்கெட்டிலும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஹோட்டல் அறையைக் காலி செய்யும் முன், சுவரில் மாட்டியிருக்கும் சார்ஜரைப் பாருங்கள்.